தீர்மானம் பதினான்கும் மூன்றாவது பெட்டியும்

உலக மக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: தேனீக்களின் மக்கள்தொகைப் பெருக்கம் என்னும் மாபெரும் பிரச்சினைக்கு நிரந்தரத் தீர்வு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. கண்டுபிடித்தவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். நான்கு மாடி, இருபத்துநான்கு வீடு, ஒரு தண்ணீர் மோட்டார், அந்த மோட்டாரை அணைக்க மறந்தது யார் என்று வாரத்துக்கு ஒரு சண்டை, இவ்வளவும் கொண்ட ஒரு கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்தார். தீர்வுக்குப் பெயர், தீர்மானம் எண் பதினான்கு.

அதன் முதல் பிரிவு, மொட்டைமாடியில் தேனீப் பெட்டிகள் இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. இரண்டாம் பிரிவு, அதை மீறினாலும் சரி, எந்தப் பெட்டியிலிருந்தாவது கூட்டம் ஒரே ஒரு முறை பிரிந்து கிளம்பினாலும் சரி, எல்லாப் பெட்டிகளும் உடனே கீழே இறக்கப்படும் என்றது. மூன்றாம் பிரிவு, மேற்படி விதிகள் தேனீக்களையும் கட்டுப்படுத்தும் என்றது.

மூன்றாம் பிரிவைத் தன் கைப்படச் சேர்த்தவர் சங்கச் செயலாளர். அவருக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் ஒரு கூட்டம் கிளம்பிப் போய், கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவருடைய கால்சட்டையில் கொத்தாகத் தொங்கியது. அந்த நேரத்தில் கால்சட்டைக்குள் தான் இல்லை என்பதை அவரே பலமுறை ஒப்புக்கொண்டிருக்கிறார். இருந்தாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. மூச்சுக்கு மூச்சு தீர்மானம் போடுகிறவர் என்பதால், கட்டடத்தில் அவருக்கு 'தீர்மானம் சார்' என்றே பெயர்.

பெட்டிகளுக்குச் சொந்தக்காரி அவருடைய தங்கை. வயது ஐம்பத்திரண்டு. அவள் பிறந்த மூன்றாம் நாள் அண்ணன் தொட்டிலை எட்டிப் பார்த்து "பாப்பா" என்றான். அதோடு அவள் பெயர் முடிந்துபோயிற்று. கட்டடத்துக்கே அவள் பாப்பாக்கா. தொழில், பல் செட் செய்வது. பல் மருத்துவர் அனுப்பும் அச்சை வைத்து, மெழுகில் ஈறு கட்டி, அதில் பல் பதித்து, இழைத்து, மெருகேற்றிக் கொடுப்பாள். அண்ணனுடைய மேல்வரிசையும் அவள் கைவேலைதான். ஆகவே பதினான்காம் தீர்மானத்தை அவர் கணீரென்று வாசித்தபோது, ஒவ்வொரு எழுத்தும் தங்கை செய்துகொடுத்த பற்களின் வழியாகத்தான் வெளியே வந்தது. இதை அவள் கவனித்தாள். சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டுவதற்கு இன்னும் பெரிய சந்தர்ப்பம் வரும் என்று சேமித்து வைத்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பாப்பா மாடிக்கு வந்தபோது, பெரிய பெட்டியின் முகப்பில் தேனீக்கள் தாடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. வெயில் காலத்து மாலையில் புழுக்கம் தாங்காமல் அவை வெளியே வந்து ஒட்டிக்கொள்வது வழக்கம்தான். ஆனால் அன்றைக்குக் காற்று சில்லென்று இருந்தது. குளிர்ந்த காலையிலும் வாசலில் கிடக்கிறார்கள் என்றால், உள்ளே கால் வைக்க இடமில்லை என்று அர்த்தம்.

புகைமூட்டியால் இரண்டு ஊது ஊதி மூடியைத் திறந்தாள். உள்ளே அடை கட்டிய பத்து மரச்சட்டங்களும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தேனீயால் மூடிக் கிடந்தன. மூடியை எடுத்ததும் பொங்கும் பால்போல தேனீக்கள் விளிம்பு தாண்டி வழிந்தன. ஒரு சட்டத்தை உருவிப் பார்த்தாள். நடு அடையில் ராணி முட்டையிட வேண்டிய அறைகளில் பாதிக்கு மேல் தேனை ஊற்றி நிரப்பி வைத்திருந்தார்கள். வேலை கற்க வேண்டிய இளம் தேனீக்கள், கல்யாண வீட்டுக்கு ஒரு நாள் முன்பே வந்துவிட்ட உறவினர்போல, செய்ய ஒன்றுமில்லாமல் நெருக்கியடித்து நின்றன. எந்த வேலைக்கும் ஆகாத ஆண் தேனீக்கள் வேறு, தடித்தடியாக, ஏகப்பட்டவை.

நான்காவது சட்டத்தின் கீழ் விளிம்பில் அவள் தேடியது இருந்தது. மெழுகில் செய்த சின்னஞ்சிறு கிண்ணங்கள், குப்புறக் கவிழ்த்தாற்போல ஐந்து. வெறும் கிண்ணமாக இருந்தால் கவலையில்லை. ஒரு பேச்சுக்குக் கட்டி வைப்பார்கள். சட்டத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் நூல் துணுக்குப் போல ஒரு முட்டை நின்றது.

புது ராணிக்கு ஏற்பாடு ஆகிவிட்டது. முட்டை புழுவாகி, புழு பெருத்து, கிண்ணம் நீண்டு வேர்க்கடலைபோல ஆகி, வாயை மெழுகால் அடைப்பதற்கு ஏறக்குறைய எட்டு நாள். அடைத்ததும், வானம் தெளிந்த ஏதோ ஒரு முற்பகலில், பழைய ராணியும் பாதிப் பட்டாளமும் பெட்டியைக் காலி செய்துகொண்டு கிளம்பிவிடும். அதோடு பாப்பாவின் ஆறு வருஷத் தேனீயும் மாடியைவிட்டு இறங்க வேண்டியதுதான். தடுக்க வழி ஒன்றுதான்: தேனீக்கள் பிரிவதற்குள் தானே பிரித்து வைப்பது. அதற்கு மூன்றாவது பெட்டி வேண்டும். மூன்றாவது பெட்டி வைத்தாலும் பதினான்காம் தீர்மானத்தின்படி இறங்க வேண்டியதுதான்.

"நல்லா எழுதினான்யா எங்கண்ணன்," என்றாள் பாப்பா, தேனீக்களிடம்.

சங்க அலுவலகம் மொட்டைமாடியிலேயே இருந்தது. முன்பு துடைப்பமும் பெயின்ட் டப்பாவும் வைத்திருந்த அறை. இப்போது 'செயலாளர்' என்று பித்தளைப் பலகை மாட்டியிருந்தது. துடைப்பம் உள்ளேயேதான் இருந்தது.

"அண்ணே, பெரிய பெட்டி நெரிசலா இருக்கு. பிரிக்கணும். இன்னொரு பெட்டி வைக்கப் போறேன்."

"மனு எங்க?"

"நான் உன் தங்கச்சிண்ணே."

"வெளியில நீ தங்கச்சி. இந்த வாசப்படிக்கு உள்ள நீ நாலாவது மாடி, ரெண்டாம் நம்பர் வீடு."

"சரி. நாலாவது மாடி ரெண்டாம் நம்பர் வீடு சொல்லுது, இன்னும் எட்டு நாள்ல கூட்டம் கிளம்பிடும். ராணிக்கு முட்டை போட இடமில்ல. எல்லா அறையிலயும் தேனை ரொப்பி வச்சிருக்காங்க."

"தேன் நிறைய இருந்தா நல்லதுதானே?"

"உன் கட்டில் மேல மாவு மூட்டையா அடுக்கி வச்சா நல்லதா? நீயும் அண்ணியும் எங்க படுப்பீங்க?"

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் ஒரு கமிட்டி பிறக்கப் போகிறது என்று அர்த்தம்.

"பாப்பா, நீ சொல்றதெல்லாம் அபிப்பிராயம். நிர்வாகம்னா எண்ணிக்கை வேணும். எண்ணாம ஒரு முடிவும் எடுக்க முடியாது. கமிட்டி போடறேன்."

கமிட்டியில் ஒரே ஒருவர்தான் இருந்தார். இரண்டாவது மாடியில் குடியிருந்த டைம் கீப்பர். பஸ் டெப்போவில் முப்பத்துநான்கு வருஷம், போகிற வண்டி வருகிற வண்டியை எழுதி ஓய்வு பெற்றவர். அவருக்குக் கோடு போட்ட நோட்டும் பிளாஸ்டிக் நாற்காலியும் வழங்கப்பட்டன. தினமும் காலை பத்து மணிக்குப் பெரிய பெட்டியிலிருந்து ஒரு நிமிடத்தில் எத்தனை தேனீ வெளியே கிளம்புகிறது என்று எண்ணி, நேரம் போட்டு, கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். போக்குவரத்து மிகுந்தால் நெரிசல். குறைந்தால் நெரிசல் இல்லை. மனித குலம் இதைவிட எளிய கோட்பாடுகளுக்காக எல்லாம் சிலை வைத்திருக்கிறது.

திங்கட்கிழமை தொண்ணூற்றாறு. செவ்வாய் எழுபத்தொன்று. புதன் நாற்பத்தெட்டு. வியாழன் முப்பது.

வியாழக்கிழமை பிற்பகலே மாடிப்படியில் சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. தேனீ நெரிசல் நான்கே நாளில் அறுபத்தெட்டேமுக்கால் சதவீதம் குறைந்துவிட்டதாகவும், தீர்மானம் பதினான்கின் மூன்றாம் பிரிவைத் தேனீக்கள் ஏற்றுக்கொண்டதாகவே இதைக் கொள்ள வேண்டும் என்றும், வெற்றியைப் பதிவு செய்யச் சனிக்கிழமை மொட்டைமாடியில் பொதுக்குழு கூடும் என்றும் அதில் கண்டிருந்தது.

பட்டறையிலிருந்து வீடு திரும்பிய பாப்பா அதை இரண்டு முறை படித்தாள். நேராக டைம் கீப்பர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"சார், உங்க டெப்போல ஸ்டிரைக்குக்கு முந்தின நாள் எப்படி இருக்கும்?"

"எப்படி இருக்கும்? பாதி ட்ரிப் ஓடாது. டிரைவர் கண்டக்டர் எல்லாம் ஷெட்லயே உக்காந்து டீயைக் குடிச்சிட்டு, கூடிக் கூடிக் குசுகுசுன்னு பேசிட்டு இருப்பானுங்க."

"அப்போ ரோட்ல நின்னு ஒருத்தர் வண்டியை எண்ணினா?"

"வண்டி கம்மியாத்தாம்மா..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். மேசைமேல் இருந்த நோட்டைப் பார்த்தார். "அட மடையா."

"யாரைச் சொல்றீங்க?"

"என்னையத்தான் சொல்றேன். முப்பத்துநாலு வருஷ சர்வீஸ்ம்மா. இது கூடத் தெரியல பாரு."

"பூ பூத்துக் கொட்டிக் கிடக்கு. வெயிலும் நல்லா அடிக்குது. இப்போ போய் வேலைக்குப் போகாம வீட்லயே கெடந்தா என்ன அர்த்தம்? வயித்த ரொப்பிக்கிட்டுப் புறப்படத் தயாரா உக்காந்திருக்காங்க. நீங்க எண்ணினது சரி சார். எண்ணச் சொன்னவருக்குத்தான் தப்பாப் புரிஞ்சிருக்கு."

"அண்ணன்கிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லுங்களேன்."

டைம் கீப்பர் யோசித்தார். "நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேனேம்மா," என்றார் பரிதாபமாக. உண்மைக்கும் கையெழுத்துக்கும் தகராறு வந்தால் எந்தப் பக்கம் நிற்பது என்று முப்பத்துநான்கு வருஷம் பழகிய மனிதர்.

வெள்ளியும் சனியும் மழை கொட்டியது. பொதுக்குழு ஞாயிறு காலை பத்தரைக்கு ஒத்திவைக்கப்பட்டது. கட்டடம் முழுக்க மழையைத் திட்டியது; பாப்பா ஒருத்திதான் கையெடுத்துக் கும்பிட்டாள். மழையில் கூட்டம் கிளம்பாது. ஆனால் மழை விட்ட முதல் வெயிலில் கிளம்பியே தீரும்.

சனிக்கிழமை தூறல் நின்ற அரைமணி நேரத்தில் மாடிக்குப் போய் ஒரே ஒரு சட்டத்தை மட்டும் தூக்கிப் பார்த்தாள். கிண்ணங்கள் விரல் நீளத்தில் பாதிக்கு வளர்ந்திருந்தன. வாய் கிட்டத்தட்ட மூடிவிட்டது; ஊசி நுழையும் துவாரம்தான் மிச்சம். மெழுகு எத்தனை நேரத்தில் இறுகும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாளைக்கு அடைந்துவிடும்.

கீழே வந்தாள். பஸ் மெக்கானிக்கான அவள் கணவர் தரையில் உட்கார்ந்து வாணலி கைப்பிடிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஒரு பெட்டி வேணும். நாளைக்குக் காலைல."

"உங்கண்ணன் குதிப்பாரே."

"குதிக்கட்டும். மேல்வரிசை கழண்டு விழாது, அது நான் கட்டினது."

"ரெண்டு பெட்டியும் போயிடும்டி. யோசிச்சுக்க."

"சும்மா இருந்தாலும் போகுது, செஞ்சாலும் போகுது. சும்மா இருந்து போனா அவன் சொன்னது நியாயம்னு ஆயிடும். செஞ்சுட்டுப் போனா, போனது போகட்டும், நான் சொன்னது நியாயம்."

மெக்கானிக் சுத்தியலை எடுத்துக்கொண்டு எழுந்தார். கழித்துப் போட்ட பஸ்ஸின் பலகைகளை எப்போதோ கொண்டுவந்து கட்டிலுக்கடியில் போட்டிருந்தார். இரவுச் சாப்பாட்டுக்குள் பெட்டி தயார். அதன் முன்பக்கத்தில் 'அவசர வழி' என்று சிவப்பில் எழுதியிருந்தது. அழிக்கட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றாள்.

ஞாயிறு, வானம் கழுவித் துடைத்த தட்டாக இருந்தது. பத்தரைக்குச் செயலாளர், அலுவலக வாசப்படியில் போட்ட மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றார். எதிரே நாற்காலிகளில் உறுப்பினர்கள் இருபத்திரண்டு பேர். அண்ணி முன்வரிசையில் கைவிசிறியோடு. பெரிய பெட்டி அவர்களுக்குப் பின்னால் பதினைந்து அடி தூரத்தில் இருந்தது.

"மதிப்புக்குரிய உறுப்பினர்களே," என்று செயலாளர் தொடங்கினார். "கூட்ட நெரிசல் என்பது இன்று..."

அப்போது மாடிக் கதவு திறந்தது. வலைத்தொப்பியும் முழுக்கைச் சட்டையுமாகப் பாப்பா வந்தாள். பின்னால் மெக்கானிக், தலையில் 'அவசர வழி'யோடு. இருவரும் சபையின் நடுவே புகுந்து, ஒருவருக்கும் வழி கேட்காமல் நடந்தார்கள். புதுப் பெட்டியை அலுவலகச் சுவரோரம், பித்தளைப் பலகைக்கு நேர் கீழே வைத்தார்கள். வம்புக்காக அல்ல, மாடியில் பிற்பகல் வெயில் படாத இடம் அது ஒன்றுதான். வம்பும் சேர்ந்து கிடைத்தது கூடுதல்.

"பாப்பா! என்ன இது?"

"மூணாவது பெட்டிண்ணே."

"தீர்மானம் பதினாலு, பிரிவு ஒண்ணு..."

"தெரியும். நீ படி. நான் என் வேலையைப் பாக்கறேன்."

செயலாளருக்கு எழுதி வைத்த உரையைத் தவிர வேறு ஆயுதம் இல்லை. ஆகவே அதையே உரத்த குரலில் தொடர்ந்தார். "...நெரிசல் அறுபத்தெட்டேமுக்கால் சதவீதம் குறைந்திருக்கிறது என்பதை..."

பாப்பா மூடியை எடுத்தாள். நெரிசல் பொங்கி வெளியே வந்தது. பின்வரிசை எழுந்து முன்வரிசையாயிற்று. முன்வரிசை மேசைக்குப் பின்னால் போயிற்று. தேனீக்களின் ரீங்காரம் ஒரு சுருதி ஏறியது. அந்தச் சத்தத்தைப் பாப்பா போன வருஷம் ஒரு தடவை கேட்டிருக்கிறாள், கால்சட்டைக்குச் சற்று முன்னால். இன்னும் அரைமணியா, பத்து நிமிஷமா, தெரியாது.

ராணியைக் கண்டுபிடிக்க வேண்டும். ராணி இல்லாமல் எதைப் பிரித்தாலும் வீண். முதல் சட்டம், இல்லை. இரண்டு, இல்லை. மூன்றாவதில் ஆண்கள். நான்காவதில் அந்தக் கிண்ணங்கள், புது ராணிகளின் அறைகள். ஐந்தும் வாய் அடைத்துக் கிடந்தன. ஐந்தாவது, ஆறாவது சட்டங்களிலும் ராணி இல்லை. அவசரத்திலும் ஒரு தேனீ நசுங்கவில்லை; மெழுகில் பல் பதிக்கிற கை அது.

"அக்கா, கொட்டாதா?" என்று யாரோ கத்தினார்கள்.

"வயிறு முட்டத் தின்னுட்டு ஊருக்குக் கிளம்பறவங்க யாரோடயும் சண்டைக்கு வர மாட்டாங்க. நீங்க கையைக் காலை ஆட்டாதீங்க, போதும்."

ஏழாவது சட்டத்தின் மறுபக்கம், ஓரத்தில், நீண்ட உடம்போடு ராணி நடந்துகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். பறப்பதற்காகப் பட்டினி போட்டு மெலிய வைத்திருந்தார்கள். பாப்பா அந்தச் சட்டத்தை ராணியோடு அப்படியே தூக்கி, அண்ணனின் உரையைக் குறுக்கே கடந்து, புதுப் பெட்டியில் இறக்கினாள். புழு நிறைந்த சட்டம் இன்னொன்று, தேன் சட்டம் ஒன்று, இரண்டு சட்டத்துத் தேனீக்களை உதறிக் கொட்டியது, எல்லாம் அதன் பின்னால் போயின. பழைய பெட்டியில், அங்கே புது ராணி பிறப்பதற்காக, நல்ல ராணி அறை ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளி எடுத்தாள். காலியான இடத்தில் வெற்றுச் சட்டங்களைச் செருகி மூடினாள்.

பிறகு தொப்பியைக் கழற்றி, பெட்டியோடு காதை வைத்துக் கேட்டாள். பத்து நிமிஷத்தில் சுருதி மெல்ல இறங்கியது. வாசலில் தாடி கலைந்தது. ஒன்று பறந்தது, இரண்டு பறந்தது, அப்புறம் வரிசையாக, தெருமுனை மரங்களைப் பார்த்து.

டைம் கீப்பருக்குப் பொறுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். "நூத்திநாலு!" என்று கத்தினார். "சார், நம்ம கணக்கு தலைகீழ். வேலைக்குப் போறாங்கன்னா நெரிசல் தீந்துடுச்சுன்னு அர்த்தம். நான் கையெழுத்தை வாபஸ் வாங்கிக்கறேன்."

"கையெழுத்தை வாபஸ் வாங்க விதியில் இடமில்லை," என்றார் செயலாளர்.

"ஏங்க, விடுங்களேன்," என்றாள் அண்ணி. "உங்க கால்சட்டை இன்னிக்கும் கொடியிலதான் காயுது. அது தப்பிச்சுதே, அதைப் பாருங்க."

சபை சிரித்தது. அதுதான் தப்பாகப் போயிற்று. செயலாளர் நிமிர்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார். பதினான்காம் தீர்மானத்தைப் பகிரங்கமாக, பொதுக்குழுவின் முன்னிலையில், பொதுக்குழுவை எழுந்து ஓட வைத்து மீறியதற்காக மூன்று பெட்டிகளையும் இன்றே இறக்க வேண்டும் என்று தீர்மானம் எண் பதினைந்தை முன்மொழிந்தார். மாடியில் கண்ட காட்சியால் வெலவெலத்திருந்த உறுப்பினர்களில் பன்னிரண்டு கைகள் எழுந்தன. தீர்மானம் நிறைவேறியது.

"ஆட்சேபணை ஏதாவது?" என்றார்.

"இருக்கு," என்றாள் பாப்பா. "எட்டு நாளா நான் சொன்னேன், நீ எண்ணினே. நீ எண்ணி முடிக்கிறதுக்குள்ள அது கிளம்பியிருந்தா, இந்நேரம் எல்லாரும் படிக்கட்டுல உருண்டிருப்பீங்க. இன்னிக்கு யாரையாவது ஒண்ணு கொட்டுச்சா? உன் தீர்மானத்தை மீறினேன், ஆமா. மறுபடியும் நெரிசல் வந்தா மறுபடியும் மீறுவேன். எழுதிக்க. அந்தப் பல்லால நல்லா அழுத்திப் படிச்சும் காட்டு, நான் செஞ்சதுதான், உடையாது."

செயலாளர் எழுதிக்கொண்டார். படித்தும் காட்டினார். பற்கள் உடையவில்லை.

"சரி. இப்போ யார் தூக்கறது?" என்றார் டைம் கீப்பர்.

இந்தக் கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லை. செயலாளர் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் வானத்தைப் பார்த்தார். முதல் மாடி வாத்தியாருக்கு முதுகுவலி என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தினமும் இரும்புக் குண்டு தூக்கிப் பழகும் மூன்றாம் மாடிக்காரர், அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிப் படியிறங்கினார். கைதூக்கிய பன்னிரண்டு பேரின் கைகளும் இப்போது பைக்குள் இருந்தன.

"பாப்பா," என்றார் செயலாளர், வாசப்படிக்கு வெளியே வந்து நின்று, "சங்கத்தின் தீர்மானத்தை நீயே நிறைவேத்திடு."

"மாட்டேண்ணே."

கூட்டம் தேநீருடன் முடிந்தது. மூன்று பெட்டிகளும் மாடியில்தான் இருக்கின்றன.